நீல மலைப்பூவும் குப்பைமேனியும்

தமிழ்த்துறை ஆசிரியர்கள் கூடும் இடங்களில் அண்மைக் காலமாகத் தவறாமல் ஒலிக்கும் புலம்பல் ஒன்று உண்டு. மாணவர்கள் நூல்களைத் தொடுவதில்லை. மடிக்கணினியில் மந்திரவாதிகளாகவும் வாள்வீரர்களாகவும் வேடம் பூண்டு இரவெல்லாம் விளையாடிவிட்டு, காலை வகுப்பில் உறங்குகிறார்கள் என்பது அது. உறக்கத்தைப் பற்றிய பகுதி மெய்தான். ஏனைய பகுதியில் நமக்கு முழு உடன்பாடில்லை. அவ்விளையாட்டுகளில் மந்திரம் கற்கும் முறையையும் மருந்து கூட்டும் முறையையும் சற்று நெருங்கிப் பார்த்தால், நம் மரபு ஒருகாலத்தில் செவ்வனே செய்துவந்து, நம் வகுப்பறை கைவிட்டுவிட்ட ஒரு வேலையை அவை செய்துகொண்டிருப்பது புலப்படும். அதே வேளையில், நம் மரபு நன்கறிந்திருந்தும் அவ்விளையாட்டுகள் அறியாத சில செய்திகளும் உண்டு. இவ்விரண்டையும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் நின்றுகொண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். இவ்வகையில் உலகெங்கும் புகழ்பெற்றது 2011 நவம்பரில் வெளிவந்த ‘ஸ்கைரிம்’. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் வரிசையில் ஐந்தாவது. தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 2011ஆம் ஆண்டில்தான் என்பது தற்செயலான பொருத்தம். பனி மூடிய ஒரு கற்பனை நாட்டில் ஆடுபவர் விரும்பிய திசையில் நடக்கலாம். வழியில் காணும் பூ, காளான், வேர், பட்டாம்பூச்சியின் இறகு எனப் பலவற்றையும் பறித்துப் பையில் இட்டுக்கொள்ளலாம். ஏறத்தாழ நூறு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்கள். அக்குணங்கள் தொடக்கத்தில் மறைந்திருக்கும். ஒரு பொருளை வாயிலிட்டு மென்றால் முதற்குணம் மட்டும் வெளிப்படும். மற்றவை வெளிப்பட வேண்டுமானால் வேறொரு பொருளோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். இரண்டுக்கும் பொதுவான குணம் இருந்தால் மருந்து கூடும். இல்லையேல் பொருள் வீணாகும். நீல மலைப்பூவையும் கோதுமையையும் சேர்த்தால் இழந்த உயிராற்றலை மீட்கும் மருந்து கிடைக்கும் என்பது இவ்விளையாட்டில் இறங்கிய எவருக்கும் தெரிந்த பாலபாடம்.

மந்திரமும் இவ்வாறே வகுக்கப்பட்டிருக்கிறது. அழித்தல், மீட்டல், மாற்றல், வரவழைத்தல், மயக்கல் என்று ஐந்து பிரிவுகள். நம் மாந்திரீக நூல்கள் வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என எட்டுக் கருமங்களைப் பேசும். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால், வரவழைத்தலுக்கு ஆகருடணமும் மயக்கலுக்கு மோகனமும் அழித்தலுக்கு மாரணமும் எதிரில் வந்து நிற்கும். எதிரியை அசையாமல் நிறுத்தும் மந்திரம் அங்கும் உண்டு. நாம் அதைத் தம்பனம் என்போம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகக் கொள்ள வேண்டியதில்லை. மனிதன் எங்கிருந்தாலும் ஆசைப்படும் ஆற்றல்கள் ஏறத்தாழ ஒன்றேதான் போலும்.

தாயுமானவர் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. விலங்குகளை அடக்குவது, பிறர் கண்ணில் படாமல் திரிவது, உலோகத்தைப் பொன்னாக்குவது, நீர்மேல் நடப்பது, வேறோர் உடலில் புகுவது என்று சித்திகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இவையெல்லாம் கைகூடினாலும் கூடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று முடிப்பார் அவர். ஸ்கைரிமுக்கு முந்திய ‘மாரோவிண்ட்’ விளையாட்டில் (2002) நீர்மேல் நடக்கும் மந்திரமே தனியாக உண்டு. தாயுமானவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தது இராமநாதபுரத்தில். நம் வட்டாரமும் 1985 வரை அந்த இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். வறண்ட நிலத்துக் கண்மாய்க்கரையில் எழும் நீர்மேல் நடக்கும் கனவு, பனிநாட்டில் பிறந்த விளையாட்டிலும் எழுந்திருக்கிறது.

கற்கும் முறைக்கு வருவோம். ஒரு மந்திரத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால்தான் அதில் தேர்ச்சி ஏறும் என்பது விளையாட்டின் விதி. நம் மாந்திரீக மரபில் இதற்கு ‘உரு ஏற்றுதல்’ என்று பெயர். இத்தனை ஆயிரம் உரு என்று கணக்கு உண்டு; கிரகண வேளையில் நீரில் நின்று ஏற்றும் வழக்கமும் உண்டு. பாடத்தை ‘உருப்போடுதல்’ என்று நாம் இன்றும் சொல்லும் சொல்லிலும் அதே உருதான் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் உருப்போட்டது தேர்வுத்தாளில் கக்கியதும் மறைந்துபோகிறது. மந்திரத்துக்கு ஏற்றிய உரு நெஞ்சில் தங்கும் என்று நம்பினார்கள்.

ஸ்கைரிமின் வடகோடியில் மந்திரம் பயிற்றும் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே சேர்ந்த மாணவர்களுக்கு முதியதோர் ஆசிரியர் முதல் பாடம் எடுப்பார். மாணவர்கள் உடனே ஏதேனும் செய்துகாட்ட வேண்டும் என்று துடிப்பார்கள். அவர் எச்சரிக்கையைப் பற்றிப் பேசிவிட்டு, தன்னைக் காத்துக்கொள்ளும் அரண் மந்திரத்தையே முதலில் கற்பிப்பார். நம்மூர் மந்திரவாதியும் எதைத் தொடங்குமுன்னும் உடற்கட்டு, திக்குக்கட்டு என்று ‘கட்டு’ப் போட்டுக்கொள்வார். அடக்கம் முதலில், ஆற்றல் பிறகு என்னும் வரிசையை அவ்விளையாட்டை வகுத்தவர்கள் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனி நம் வகுப்பறை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகக் கூறுவார். அப்பகுதியைப் பாடம் சொல்லாத தமிழாசிரியர் இருக்க முடியாது. நாங்கள் எப்படிச் சொல்கிறோம்? நம் கையிலுள்ள உரைகளில் பல பூக்களுக்கு எதிரே ‘ஒருவகைப் பூ’ என்றோ ‘ஒருவகைக் கொடி’ என்றோதான் இருக்கும். அகராதியைத் திறந்தாலும் ‘ஒருவகை மரம்’, ‘ஒரு செடி’. உரையாசிரியர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பெயர் மாறிய தாவரங்களை அடையாளம் காண்பது எளிய செயலும் அன்று. எனினும், அடையாளம் ஐயமின்றித் தெரிந்த பூக்களையும் அவ்வாறே கடந்துபோகிறோம். அப்பட்டியலிலுள்ள ஆவிரையும் தும்பையும் மழை பெய்த ஒரு வாரத்தில் கல்லூரி வேலியோரம் பூத்து நிற்கும். மடலேறும் தலைவன் சூடுவது ஆவிரை, போர்க்களத்தில் சூடுவது தும்பை என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுவார். வேலியோரம் நிற்பது எது என்று கேட்டால் ‘களை’ என்பார்.

ஒருமுறை மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் அவர் ஆடும் விளையாட்டைப் பற்றிக் கேட்டோம். நீல மலைப்பூ, செம்மலைப்பூ, ஊதா மலைப்பூ மூன்றுக்கும் குண வேறுபாடு என்ன, எது எந்த நிலத்தில் முளைக்கும், எதை எதனோடு சேர்க்கலாகாது என்று கால்மணி நேரம் தடையின்றிச் சொன்னார். அவர் நினைவாற்றலில் எக்குறையும் இல்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் மனத்தில் நிற்பதில்லை’ என்னும் நம் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

இது நம்மூர்க் கதை மட்டுமன்று. 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் குறிப்பொன்று, பிரிட்டனில் எட்டு வயதை எட்டிய சிறுவர்கள் தம் நாட்டுச் செடிகளையும் உயிரினங்களையும் விடப் போக்கிமான் உருவங்களைத் திறம்பட அடையாளம் காண்பதை எடுத்துக்காட்டியது. அதைப் படித்தவர்களில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாம் அதை வேறுவிதமாகப் படிக்கலாம் என்று தோன்றுகிறது. கற்பனை உயிருக்கு ஒரு பெயரோடு ஒரு செயலும் இருக்கிறது; அது என்ன செய்யும், எதற்கு அஞ்சும் என்று தெரிந்தால்தான் ஆட்டம் நகரும். செயலோடு வந்த பெயர் நெஞ்சில் தங்குகிறது. நாங்கள் கொடுக்கும் ‘ஒருவகைப் பூ’வுக்குச் செயல் ஏதும் இல்லை, ஆகவே அது தேர்வு முடிந்ததும் உதிர்கிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். தேரையர் பெயரால் வழங்கும் குணவாகடம், பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அதன் சுவை இது, அது தணிக்கும் நோய் இது, மிகுந்தால் விளைவது இது என்று பாட்டாக்கி வைத்தன. ஒரு பொருளுக்கு ஒரு பாட்டு. கீரை, கிழங்கு, பால், தண்ணீர் வரை எதுவும் விடுபடவில்லை. இவற்றை இலக்கியமாக மதிப்பதா என்று கேட்போர் உண்டு. அணிநயம் குறைவுதான். ஆயினும் பெயரையும் செயலையும் யாப்பால் முடிந்து நினைவில் ஏற்றும் அக்கலை, ஸ்கைரிமின் குணப் பட்டியலுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது. காவல் துறையில் பணியாற்றிக்கொண்டே டி.வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த பெரும் மருத்துவ அகராதி 1930களில் வெளிவரத் தொடங்கியது. எஞ்சிய பகுதிகள் அவர் மறைவுக்குப் பிறகே அச்சேறின. நிகண்டுகளும் வாகடங்களும் சிதறிவைத்த பெயர்களை ஒரு தனிமனிதர் தம் வாழ்நாளை ஈந்து ஒரே இடத்தில் சேர்த்தார். தமிழ் முதுகலை படித்து வெளியேறும் எத்தனை பேர் அவ்வகராதியை ஒருமுறையேனும் புரட்டியிருக்கிறார்கள்?

சித்தர் நூல்களின் பரிபாடையும் இங்கு நினைக்கத்தக்கது. நாதம் என்றால் கந்தகம், விந்து என்றால் பாதரசம் என்று குழூஉக்குறியில் பேசும் அப்பாடல்களை, அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் மருந்தாக்க முடியாது. போகர் நிகண்டு போன்ற சாவிகள் உண்டு. எனினும் பூட்டைத் திறக்க அருகில் ஓர் ஆசான் வேண்டும். ஸ்கைரிமிலோ மந்திர நூலைத் திறந்த கணமே மந்திரம் கைவந்துவிடும், நூல் மறைந்துபோகும். படித்தல் என்னும் உழைப்பே அங்கு இல்லை. இந்த ஓரிடத்தில் விளையாட்டு நம்மைவிட மோசமான வகுப்பறையாகிவிடுகிறது.

மறையும் அந்நூலின் உண்மை வடிவத்தை நாம் 2020இல் கண்டோம். கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் தமிழகத்தின் வீடுகளிலெல்லாம் காய்ந்தது. அதற்கு முன்பு டெங்குக் காய்ச்சலின்போது நிலவேம்புக் குடிநீர். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள், கபசுரக் குடிநீரில் பதினைந்து. சுக்கும் திப்பிலியும் இலவங்கமும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சிறுகாஞ்சொறி, சீந்தில், வட்டத்திருப்பி என்று மேலே போனால் எத்தனை பேர் சொல்வார்கள்? பொட்டலத்தைப் பிரித்தோம், கொதிக்கவைத்தோம், குடித்தோம், மறந்தோம். அம்மருந்து எந்த அளவு பலன் தந்தது என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் சொல்லட்டும். நமக்கு அதில் சொல்ல இடமில்லை. ஒரு மாநிலமே பதினைந்து செடிகளின் பெயர்களை அறிந்துகொள்ளக் கிடைத்த வாய்ப்பு பொட்டலத்தோடு குப்பைக்குப் போனதே என்பதுதான் மொழி பயிற்றுவோரின் ஆற்றாமை.

இனி, விளையாட்டு அறியாதவை. முதலாவது நஞ்சு. வாயிலிட்டு மென்று அறிதல் என்பது ஸ்கைரிமில் அடிப்படை முறை. நச்சுப் பூவை மென்றாலும் உயிர்ப்புள்ளி சற்றுக் குறையும், அறிவு சேரும், ஆட்டம் தொடரும். நம் நிலத்தில் அப்படி இல்லை. கபிலரின் பட்டியலில் முதலில் வரும் செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் அது பெண்ணின் விரலுக்கு உவமை. அதன் கிழங்கு உயிர் குடிக்கும் நஞ்சு. கோல்கிசின் என்னும் வேதிப்பொருள் அதிலிருக்கிறது. அதே பொருள், உரிய அளவில், கீல்வாதத்துக்கு மருந்து. அரளி விதையின் கொடுமையைச் சொல்ல வேண்டியதே இல்லை. தென்மாவட்டத்துக் காவல் நிலையங்களும் அரசு மருத்துவமனைகளும் அதை நன்கறியும். குணவாகடத்தின் ஒவ்வோர் அடிக்கும் பின்னால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் மென்று பார்த்து நோயுற்றோ மாண்டோ போயிருக்க வேண்டும். அவ்வாறு பெற்ற அறிவு பாட்டாகிக் கைக்கு வந்தபின் மறுபடியும் மென்று பார்க்க வேண்டிய தேவை நமக்கில்லை. மரபு என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சுத்தி. எந்தச் சரக்கையும் அப்படியே அடுப்பில் ஏற்றக்கூடாது. அதனதன் நஞ்சை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் விதி. சுக்கின் மேல்தோலைச் சீவுவதும் கடுக்காயின் கொட்டையைக் கழிப்பதும் நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்ட சுத்திமுறைகள். நேர்வாளம், சேராங்கொட்டை போன்ற கடுஞ்சரக்குகளுக்குச் சுத்தியே பெரும் கலை. மூன்றாவது காலம். குடிநீர் காய்ச்சிய மூன்று மணி நேரத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். சூரணத்துக்கு மூன்று மாதம். அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்தவர்கள் மருந்துக்கும் வயது எழுதிவைத்தார்கள். ஸ்கைரிமில் பறித்த பூ வாடாது. காய்ச்சிய மருந்து கெடாது. மழை பொய்த்தால் செடி முளைக்காது என்பதும் அங்கே இல்லை. ஐப்பசி மழைக்கு அண்ணாந்து பார்த்தே வாழும் நம் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இது பெருங்குறையாகவே படும்.

பிற்காலத்து விளையாட்டுகள் சில இக்குறையைச் சற்றே உணர்ந்திருக்கின்றன. 2018இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 1403ஆம் ஆண்டு பொகீமியாவில் நிகழ்வது. கதைத்தலைவன் கொல்லன் மகன், எழுத்தறிவில்லாதவன். மருந்துநூலைப் படிக்க வேண்டுமானால் எழுத்தர் ஒருவரிடம் போய் முதலில் எழுத்துக் கற்க வேண்டும். பிறகு தண்ணீரா, எண்ணெயா, மதுவா என்று தேர்ந்து, துருத்தி ஊதி, மணற்கடிகையைக் கவிழ்த்து நேரம் பார்த்து, உரலில் இடித்துச் சேர்க்க வேண்டும். பக்குவம் தப்பினால் மருந்தும் தப்பும். நம் இளகம் கிண்டுவோர் பதம் பார்க்கும் பொறுமைக்கு இது ஓரளவு அருகில் வருகிறது. எழுத்தறியாமல் மருந்தில்லை என்று ஒரு விளையாட்டு சொல்வது, மொழி பயிற்றும் நமக்கு மகிழ்ச்சி தரவே செய்கிறது.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரிது. விளையாட்டில் மருந்து கூட்டுபவர் தமக்காகவே கூட்டுகிறார், மிஞ்சியதை விற்றுக் காசாக்குகிறார், நஞ்சானால் எதிரிக்கு. வேறொருவர் உடம்பு நலமடைய வேண்டும் என்பதற்காக அடுப்பின் முன் அமர்வது அங்கே அரிதிலும் அரிது. நாட்டு வைத்தியத்தில் மருந்து என்பது எப்போதும் பிறர் உடம்பை நோக்கியது. ஆகவேதான் அளவு, ஆகவேதான் பத்தியம், ஆகவேதான் நாடி பார்த்தல். பத்தியம் காப்பதன் மூலம் நோயாளியும் மருந்து செய்தலில் ஒரு பங்கு ஏற்கிறார். இந்த உறவு விளையாட்டின் கணக்கில் அடங்குவதில்லை.

இப்போது நம் நிலத்தைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆகவே அதை எளிதில் பழித்துவிட முடியாது. எனினும் அதன் நிழலில் மற்றச் செடிகள் தலையெடுப்பதில்லை. எஞ்சிய வரப்புகளிலும் கண்மாய்க்கரைகளிலும், குண்டாற்றின் ஓரத்திலும், மழைக்குப் பிறகு குப்பைமேனி, நாயுருவி, நெருஞ்சி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, முடக்கத்தான், கண்டங்கத்திரி என்று ஒரு மருந்துக்கடையே முளைத்துவிடும். இதே தென்மாவட்ட மானாவாரி நிலங்களில்தான் நிலாவாரை பயிராகிறது. ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் அது கடல் கடந்து மலச்சிக்கலுக்கு மருந்தாகிறது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய நித்தியகல்யாணியும் இங்கே பயிராவதுண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த அச்செடியிலிருந்து 1950களின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள்களே பின்னர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயின. சுடுகாட்டோரம் பூத்த பூவுக்கு இப்படியொரு மறைகுணம் இருந்தது என்பதை எந்த விளையாட்டு வல்லுநரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

செடிகள் ஒருபுறமிருக்க, அவற்றை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மஞ்சட்காமாலைக்கும் தேள்கடிக்கும் பச்சிலை கொடுத்த முதியவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். ‘மூலிகையின் பெயரைச் சொன்னால் பலிக்காது’ என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. கசக்கிய இலையை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மகனுக்கும் சொல்வதில்லை, மருமகளுக்கும் சொல்வதில்லை. அவர்கள் போகும்போது பெயரும் போகிறது. இம்மறைப்பை நாம் ஏற்க இயலாது. பரிபாடையில் மறைத்த சித்தர்கள்கூடப் பாட்டாக எழுதிவைத்துவிட்டே மறைத்தார்கள். விளையாட்டு ஆடும் பிள்ளைகளோ, தாம் கண்டுபிடித்த கூட்டுகளை அன்றே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அறிவைப் பகிர்வதில் நம் வாரிசுகள் நம்மினும் தாராளர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மந்திரம், மூலிகை என்று பேசத் தொடங்கினால் போலி வைத்தியர்களுக்கும் செய்வினைக்காரர்களுக்கும் கதவு திறந்ததாகாதா? இம்மறுப்பு நியாயமானது. குஜிலிக்கடைப் பதிப்புகள் காலத்திலிருந்தே மாந்திரீக நூல்கள் ஏமாளிகளின் காசில்தான் வாழ்ந்தன. மருத்துவம் செய்ய முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது. தமிழாசிரியர் மருந்து கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. நாம் கேட்பது பெயரையும் செயலையும் மீண்டும் சேர்த்துவைக்கும் வேலையை மட்டுமே. அது மொழியின் வேலை. ஆற்றல் வேட்கைக்கு அளவு காட்டவும் நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. 1879இல் திருச்சுழியில் பிறந்த இரமணர், 1928இல் எழுதிய உள்ளது நாற்பதில், சித்திகளைக் கனவில் கண்ட பேறுகளுக்கு ஒப்பாகவே பேசினார். எட்டுச் சித்திகளைப் பட்டியலிட்ட மொழியிலேயே அவற்றை உதறித் தள்ளிய குரலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம் முன்மொழிவு எளியது. குறிஞ்சிப்பாட்டை நடத்தும் பருவத்தில் ஒருநாள் மாணவர்களைக் கண்மாய்க்கரைக்கு அழைத்துச் செல்வோம். தாவரவியல் துறையினரையும் உடன் அழைப்போம்; அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு செடியை ஏற்கட்டும். அதன் பெயர்கள், பாட்டில் அது வரும் இடம், வாகடத்தில் அதன் குணம், அதன் நஞ்சு, ஊரில் அதைப் பயன்படுத்தும் முதியவர் சொல்வது, தாவரவியல் சொல்வது என்று ஒரு ஏடு எழுதட்டும். யாரும் எதையும் மென்று பார்க்க வேண்டாம். மூன்றாண்டுகளில் நூறு செடிகளுக்கு ஏடு சேர்ந்துவிடும். ஸ்கைரிமில் இருப்பதும் ஏறத்தாழ நூறுதான்.

இதற்குப் பல்கலைக்கழக ஒப்புதலோ நிதியோ தேவையில்லை. தேவைப்படுவது, உரையில் ‘ஒருவகைப் பூ’ என்று வரும் இடத்தில் நின்று, ‘எந்த வகை?’ என்று கேட்கும் துணிவு மட்டுமே. விளையாட்டில் பழகிய நம் மாணவர்கள் அக்கேள்விக்கு ஆயத்தமாகவே இருக்கிறார்கள். ஒரு செடியைக் கண்டதும் ‘இது என்ன செய்யும்?’ என்று கேட்கும் பழக்கத்தை யாரோ தொலைதேசத்து நிரலாளர்கள் அவர்களுக்கு ஊட்டிவிட்டார்கள். அக்கேள்வியை நீல மலைப்பூவிலிருந்து குப்பைமேனிக்குத் திருப்பிவிடுவது நம் கடமை. பிற ஊர்களில் இத்தகைய முயற்சிகளை மேற்கொண்ட நண்பர்கள் தம் அனுபவத்தை எழுதினால் நாங்கள் நன்றியுடையோம். இந்த ஆண்டு ஐப்பசி மழை ஏமாற்றாதிருந்தால், எங்கள் முதல் ஏடு தும்பையிலிருந்து தொடங்கும்.